‘வேலை செஞ்ச அசதிதாம்மா’ என்று டாக்டர் அனுப்பிவிட்டாரா? தைராய்டு விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்டபம், பாம்பன், தொண்டி, கீழக்கரை என்று நம் ராமநாதபுரம் கடற்கரையில் எந்த ஊர் கிளினிக்கில் போய் உட்கார்ந்தாலும் காதில் விழுவது இதுதான்: "அசதியா இருக்கு டாக்டர், கைகால் உளைச்சல், எந்திரிக்கவே முடியல." பதிலுக்கு ஒரு கேள்வி வரும், என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று. கடல் பாசி எடுக்கப் போகிறேன், கருவாடு காயப்போடுகிறேன், மீன் கூடை தூக்குகிறேன் என்று சொன்னால் முடிந்தது கதை. ஒரு சத்து ஊசி, நாலு நாளைக்கு மாத்திரை, ரொம்ப முடியவில்லை என்றால் ஒரு பாட்டில் குளுக்கோஸ். இடுப்பளவு தண்ணீரில் நிற்கிற பெண்ணுக்கு அசதி வரத்தான் செய்யும், ஆனால் அவர் வருடக்கணக்கில் இதே வேலையைத்தான் பார்க்கிறார், இந்த ஆறு மாதமாக மட்டும் ஏன் முடியவில்லை என்று கேட்காமல் விடுவது டாக்டரின் அலட்சியம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் கேட்காவிட்டால் நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும், அங்கேதான் நாமும் கோட்டை விடுகிறோம்.

பெரிய தவறு, ‘அசதி’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொள்வது. அசதிக்கு நூறு காரணம் இருக்கும். டாக்டருக்குப் பிடி கிடைப்பது உடம்பில் என்ன மாறியது, எப்போதிலிருந்து மாறியது என்பதில்தான். கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி சுரப்பது குறைந்தால் குளிர் தாங்காது என்பார்கள். நம் ஊரில் யாரும் குளிர் என்று டாக்டரிடம் போவதில்லை, அவரும் கேட்பதில்லை. ஆனால் கத்திரி வெயிலில் வீடே வேர்த்து ஊற்றும்போது ஒருத்தர் மட்டும் ஃபேனைக் குறைக்கச் சொல்லிப் போர்வை தேடுகிறார் என்றால், அதை அப்படியே சொல்லுங்கள். மூன்று நாளில் நின்ற தீட்டு இப்போது எட்டு நாள் போகிறது, தினமும் போன வயிறு மூன்று நாளைக்கு ஒருமுறைதான் போகிறது, போனில் பேசினால் ‘குரல் ஏன் கட்டிக் கிடக்கு’ என்று கேட்கிறார்கள், சாப்பாடு குறைந்தும் எடை ஏறுகிறது, கழற்றிப் போட்ட மோதிரம் திரும்ப விரலில் ஏறவில்லை. இப்படி நாலைந்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துப் போனால் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். தீட்டு விஷயத்தை ஆண் டாக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு விழுங்கிவிடுகிறவர்கள் அதிகம். சீட்டைக் கையில் கொடுத்துவிட்டால் அந்தச் சங்கடமும் இல்லை.

அதே சமயம், உள்ளே நுழைந்ததும் "எனக்கு தைராய்டுதான், டெஸ்ட் எழுதிக் குடுங்க" என்று ஆரம்பிக்காதீர்கள். யூடியூப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார் என்று அவர் முடிவு கட்டிவிடுவார், அப்புறம் நீங்கள் சொல்வது எதுவும் ஏறாது. "ரத்தசோகையா, தைராய்டா, ரெண்டையும் பாத்துரலாமா டாக்டர்?" என்று கேட்டால் பெரும்பாலும் எழுதிக் கொடுப்பார். இது வெறும் தந்திரமும் இல்லை. ரத்தசோகை, பி12 குறைவு, சர்க்கரை, தூக்கமின்மை, மன அழுத்தம் எல்லாமே இதே மாதிரிதான் ஆளைக் கிடத்தும், சிலருக்கு தைராய்டோடு சேர்ந்தே இருக்கும்.

அடுத்தது, "எல்லா டெஸ்டும் எடுத்தாச்சு, ஒண்ணும் இல்லையாம்" என்பது. என்னென்ன எடுத்தார்கள் என்று கேட்டால் சர்க்கரை, பிரஷர், மிஞ்சினால் ரத்தத்தின் அளவு. அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-ல் வந்ததிலிருந்து வீட்டு வாசலிலேயே பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், நல்ல விஷயம். ஆனால் அவை இரண்டும் சரியாக இருப்பதற்கும் தைராய்டுக்கும் சம்பந்தமில்லை. அதற்கு டி.எஸ்.எச். என்ற ரத்தப் பரிசோதனையைத் தனியாக எழுத வேண்டும், தைராய்டு குறைந்தால் இந்த அளவு ஏறும்.

டெஸ்ட் எடுத்த பிறகு ‘நார்மல்’ என்று லேப்காரர் வாயால் சொன்னதோடு கிளம்பிவிடக் கூடாது, தாளை வாங்கி வையுங்கள். பெரியவர்களுக்கு டி.எஸ்.எச். சுமார் 0.4 முதல் 4 வரை சரியான அளவு, லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும். 5, 6 என்று வந்தால் உடனே மாத்திரை தராமல் இரண்டு மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னால் அது அலட்சியம் இல்லை, அதுதான் முறை. அந்த அளவு பலருக்குத் தானாகவே இறங்கும், வயதானவர்களுக்கு மாத்திரை கொடுத்தும் அசதி குறைவதில்லை என்று ஆய்வுகளே சொல்கின்றன. 10-ஐத் தாண்டினால் பொதுவாக மாத்திரை ஆரம்பிப்பார்கள். கர்ப்பமாக இருந்தாலோ குழந்தைக்கு முயற்சி செய்துகொண்டிருந்தாலோ கணக்கே வேறு, அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பிள்ளை பெற்றவர்கள் விஷயம் தனி. இதில்தான் ரொம்பப் பேர் கைவிடப்படுகிறார்கள். பிரசவமான சில மாதத்தில் சிலருக்கு தைராய்டு சுரப்பி அழற்சி கண்டு, முதலில் படபடப்பும் எடைக் குறைவும், அப்புறம் சோர்வும் முடி கொட்டலும் அழுகையுமாக மாறும். வீட்டில் ‘பிள்ளை பெத்த உடம்பு’ என்பார்கள், டாக்டரும் அதையே சொன்னால் அந்தப் பெண் எங்கே போவாள்? குழந்தைக்கு ஒரு வயதாகும் வரை இப்படி எது வந்தாலும் "பிரசவத்துக்கு அப்புறம்தான்" என்று மாதத்தோடு சேர்த்துச் சொல்லி டெஸ்ட் கேளுங்கள். இன்னொன்று அரிது, ஆனால் தப்பவிடவே கூடாதது. பிரசவத்தில் ரத்தம் அதிகமாகப் போய், அதன்பிறகு பால் சுரக்காமல், தீட்டும் திரும்ப வராமல், வருடக்கணக்கில் சோர்வோடு இருப்பவர்களுக்கு மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி பழுதாகியிருக்கலாம். ஷீஹன் சிண்ட்ரோம் என்பார்கள். இவர்களுக்கு டி.எஸ்.எச். மட்டும் பார்த்தால் நார்மல் என்றே வரக்கூடும், தைராய்டு ஹார்மோனையே அளக்கும் ஃப்ரீ டி4-ஐச் சேர்த்துப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோனும் குறைவாக இருந்தால் அதற்கு மருந்து தொடங்கிய பிறகுதான் தைராய்டு மாத்திரையைத் தொடங்க வேண்டும், மாற்றிச் செய்தால் ஆபத்து. பத்து வருடம் முந்தைய பிரசவக் கதை இப்போது எதற்கு என்று நினைக்காமல் சொல்லிவிடுங்கள்.

டெஸ்டைக் கெடுக்கிற காரியங்களும் உண்டு. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சில லேப் முறைகளில் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்து காட்டும், தைராய்டு அதிகமாகிவிட்டது போலத் தெரியும். டாக்டரிடம் சொல்லிவிட்டு இரண்டு மூன்று நாள் முன்னாலேயே நிறுத்திவிடுங்கள். ஏற்கெனவே தைராய்டு மாத்திரை போடுபவர் அன்றைய மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போட்டுக்கொள்ளலாம். நாத்தனாருக்குக் கேட்டது என்று அவருடைய மாத்திரையை வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டு டெஸ்டுக்குப் போவதெல்லாம் வேண்டவே வேண்டாம். இதயத்துக்கும் ஆகாது, ரிப்போர்ட்டும் குழம்பும்.

"நமக்கு எப்படி தைராய்டு வரும், தினமும் கடல் மீன்தானே சாப்பிடுறோம்" என்பதையும் கேட்டிருப்பீர்கள். மீனில் அயோடின் இருப்பது உண்மை. ஆனால் தைராய்டு குறைவுக்கு அயோடின் பற்றாக்குறை மட்டும் காரணம் இல்லை, ஹஷிமோட்டோ என்கிற வகையில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குகிறது, அதற்கு எத்தனை மீன் சாப்பிட்டும் பலனில்லை. கடல் உப்பில் தானாகவே அயோடின் நிறைய இருக்கும் என்பதும் தப்பு, அது சேர்த்தால்தான் வரும். வாலிநோக்கத்தில் அரசு உப்பு நிறுவனத்தின் உப்பளம் நம் கண்ணெதிரிலேயே இருக்கிறது, அயோடின் கலந்த உப்பை விற்கிற நிறுவனம்தான் அது. கடற்பாசிப் பொடி சாப்பிட்டால் சரியாகும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம், அயோடின் மிஞ்சினாலும் சுரப்பி கெடும்.

மாத்திரை தொடங்கியும் குணமில்லை என்று டாக்டரைத் திட்டுவதற்கு முன்னால் எப்படிப் போடுகிறோம் என்று பாருங்கள். எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு, அதன்பின் அரை மணி முதல் ஒரு மணி நேரம் டீ கூட இல்லாமல். நம் ஆட்களுக்கு இதுதான் பெரிய சோதனை! இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நாலு மணி நேர இடைவெளி வேண்டும், கர்ப்பிணிகள் மூன்றையும் சேர்த்து விழுங்கிவிடுகிறார்கள். நோன்பு மாதத்தில் விடியும் முன் சாப்பிடும் சஹருக்கு அரை மணி முன்பாகவோ, கடைசியாகச் சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போதோ போடலாம், எது தோது என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் டெஸ்டில் சரியாகத் தெரியும். நார்மல் வந்துவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள், மாத்திரையால்தான் அது நார்மல்.

கழுத்தில் கட்டி, விழுங்கச் சிரமம், ஓய்விலும் இதயம் அடித்துக்கொள்வது, கை நடுக்கம், காரணமில்லாமல் எடை இறங்குவது, இதற்கெல்லாம் உள்ளூரிலேயே சுற்றிக்கொண்டிருக்க வேண்டாம். ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். அங்கிருந்து மதுரைக்கு அனுப்பினால் பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். ராமேஸ்வரத்திலிருந்து அவ்வளவு தூரம் பஸ்ஸில் போய் ‘பழைய தாள் எங்கம்மா?’ என்று கேட்டால் மறுபடி முதலிலிருந்து ரத்தம் கொடுக்க வேண்டியிருக்கும்.