மருத்துவ சேவை ஆய்வில் உயிரிப்புள்ளியியலாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு சுகாதாரத் திட்டம் மக்களுக்குப் பலன் தந்ததா, அதற்கு அரசு தொடர்ந்து பணம் ஒதுக்கலாமா? மருத்துவ சேவை ஆய்வில் உயிரிப்புள்ளியியலாளரிடம், அதாவது மருத்துவத் தரவுகளைப் புள்ளியியல் கொண்டு ஆராய்பவரிடம், வரும் கேள்விகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். இந்த வேலையில் கணக்குப் பிழைகள் குறைவு. தரவு எப்படி உருவானது என்று கேட்காமலே புள்ளியியல் மாடலை ஓட்டிவிடுவதால் வரும் பிழைகள்தான் அதிகம்.

அதில் மிக ஆபத்தானது, ஒப்பீட்டுக் குழு இல்லாமல் ‘திட்டத்துக்கு முன், திட்டத்துக்குப் பின்’ என்று பார்ப்பது. அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தின் கேம்டன் நகரில், அடிக்கடி மருத்துவமனையில் சேரும் நோயாளிகளைக் கண்டறிந்து, செவிலியர்களும் சமூகப் பணியாளர்களும் வீட்டுக்கே போய் உதவினார்கள். திட்டத்தில் சேர்ந்தபின் அவர்கள் மருத்துவமனையில் சேர்வது வெகுவாகக் குறைந்தது. நாடு முழுக்க இதைப் பற்றிப் பேசினார்கள். பிறகு 800 பேரைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து ஆய்வு செய்தார்கள். 2020இல் முடிவு வெளியானது. 180 நாட்களுக்குள் மீண்டும் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் உதவி பெற்ற குழுவில் 62.3 சதவீதம், பெறாத குழுவில் 61.7 சதவீதம்!

அப்படியானால் முன்பு தெரிந்த குறைவு எங்கிருந்து வந்தது? உதவி பெறாத குழுவிலும் அது ஏறக்குறைய அதே அளவு இருந்தது. உடல்நிலை உச்சகட்ட மோசத்தில் இருக்கும்போது ஆட்களைத் தேர்ந்தெடுத்தால், அடுத்த சில மாதங்களில் பலர் தங்கள் வழக்கமான நிலைக்குத் திரும்பிவிடுவார்கள். திட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது நடக்கும். அதனால் ‘முன்–பின்’ வரைபடத்தோடு யாராவது வந்தால், இந்த நோயாளிகளை எந்த அடிப்படையில் தேர்ந்தெடுத்தீர்கள் என்று முதலில் கேளுங்கள். குலுக்கல் முடியாவிட்டால், அதே தகுதி விதிப்படி, அதே காலத்தில், திட்டத்தில் சேராதவர்களையாவது பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அடுத்தது, காப்பீட்டுக் கிளெய்மில் உள்ள நோய்க் குறியீட்டை நோயாகவே எடுத்துக்கொள்வது. கிளெய்ம் என்பது பணம் வாங்க எழுதப்படும் தாள். அமெரிக்காவில் நோயாளிகள் அதிகம் திரும்பி வரும் மருத்துவமனைகளுக்கு 2012 அக்டோபர் முதல் அபராதம் விதித்தார்கள். ஏறக்குறைய அதே காலத்தில், 2011 வாக்கில், ஒரு கிளெய்மில் 9, 10 குறியீடுகளுக்குப் பதிலாக 25 வரை எழுத வழி வந்தது. அதே நோயாளிகள் தாளில் இன்னும் மோசமான நோயாளிகளாகத் தெரிந்தார்கள். நோயின் தீவிரத்துக்கு ஏற்பச் சரிசெய்த மறுஅனுமதி விகிதமும் (மீண்டும் மருத்துவமனையில் சேர்வோரின் விகிதம்) இறங்கியது. அந்த இறக்கத்தில் கணிசமான பங்கு இந்தக் குறியீட்டு மாற்றத்தால் வந்தது என்று பிந்தைய ஆய்வுகள் காட்டின. இறந்தவர் மறுபடி மருத்துவமனையில் சேர முடியாது என்பதையும் மறக்கக் கூடாது. மறுஅனுமதியைத் தனியாகப் பார்க்காமல் இறப்பையும் சேர்த்துப் பாருங்கள்.

மூன்றாவது தவறு, பி மதிப்பு (பலனே இல்லாதபோதும் தற்செயலாக இவ்வளவோ இதைவிட அதிகமோ வித்தியாசம் தெரிவதற்கான வாய்ப்பு) 0.05ஐத் தாண்டினால் ‘பலனில்லை’ என்று எழுதிவிடுவது. 2008இல் ஓரிகன் மாநிலம் மெடிகெய்ட் எனப்படும் ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டைக் குலுக்கலில் வழங்கியது. மனச்சோர்வு தெளிவாகக் குறைந்தது. ரத்த அழுத்தத்தில் புள்ளியியல் அடிப்படையில் உறுதியான மாற்றம் தெரியவில்லை. உடனே பலர் ‘காப்பீட்டால் உடல்நலம் மேம்படாது’ என்று முடிவு கட்டினார்கள். ஆனால் நம்பக இடைவெளி, அதாவது தரவோடு பொருந்திப்போகும் விளைவுகளின் வரம்பு, அகலமாக இருந்தது. மருத்துவரீதியாகப் பொருட்படுத்தத்தக்க முன்னேற்றமும் அதற்குள் அடங்கியது. இடைவெளியின் இரு முனைகளையும் எழுதி, ஒவ்வொரு முனையும் கொள்கைக்கு என்ன சொல்கிறது என்று விளக்குவதே நேர்மை. இன்னொன்று: குலுக்கலில் பெயர் வந்தவர்களில் பலர் விண்ணப்பத்தை முடிக்கவே இல்லை. காப்பீடு பெற்றவர்களை மட்டும் தனியே எடுத்து, பெறாதவர்களோடு ஒப்பிட்டால் குலுக்கல் நடத்தியதன் பயனே போய்விடும்.

நம் தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பைப் பயன்படுத்துவோர் பலர் வெயிட்டை, அதாவது ஒவ்வொரு பதிலும் எத்தனை பேருக்காகப் பேசுகிறது என்பதற்கேற்பத் தரும் எடையை, விட்டுவிடுகிறார்கள். மாவட்ட அளவில் மதிப்பீடு தருவதற்கான கணக்கெடுப்பு அது. மாதிரியின் அளவு மாவட்ட மக்கள்தொகைக்கு ஏற்பக் கூடிக் குறைவதில்லை. வெயிட் இல்லாமல் மாநில சராசரி எடுத்தால் சென்னையோடு ஒப்பிடும்போது பெரம்பலூரின் குரல் தேவைக்கு மேல் ஓங்கிக் கேட்கும்.

அப்புறம், கொத்துகள், அதாவது ஒரே இடத்திலிருந்து சேர்த்து எடுத்த ஆட்கள். ஒரே மருத்துவமனை நோயாளிகள் ஒருவரையொருவர் ஓரளவு ஒத்திருப்பார்கள். 10 மருத்துவமனைகள், ஒவ்வொன்றிலும் 500 பேர், கொத்துக்குள் ஒப்புமை (ஒரே மருத்துவமனை நோயாளிகள் எந்த அளவு ஒத்திருக்கிறார்கள் என்பதன் அளவு) 0.02 மட்டுமே என்று வைத்துக்கொள்வோம். ஒரு மருத்துவமனையின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, ஒப்புமையால் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால், 1 + 499 × 0.02, கிட்டத்தட்ட 11; மொத்த எண்ணிக்கையை இதால் வகுக்க வேண்டும். அதாவது 5,000 பேர் தரும் தகவல் சுமார் 455 பேர் தரும் தகவலுக்குச் சமம். அதனால் நிதி கேட்டு எழுதும்போதே நோயாளிகளின் எண்ணிக்கையை விட மருத்துவமனைகளின் எண்ணிக்கையைக் கூட்டப் பாருங்கள்.