மடிக்கணினிக் கேமராவுக்கு மூடி வாங்குமுன் நாலு காகிதத் துண்டு வெட்டிக்கொள்ளுங்கள்

மகளின் மடிக்கணினியைத் திறந்தபோது திரையின் மேல் விளிம்பிலிருந்து ஒரு விரிசல் கோணலாகக் கீழே இறங்கியிருந்தது. எங்கோ கீழே போட்டுவிட்டாள் என்று நினைத்துத் திட்டிவிட்டேன். அவள் போடவே இல்லை. பழுதுபார்க்கும் கடைக்காரர் திரையை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். கேமராவின் மேல் நான் ஒட்டிக்கொடுத்திருந்த தள்ளுமூடியின் மூலையில்தான் விரிசல் தொடங்கியிருந்தது. ஒரு நிகழ்ச்சியில் இலவசமாகக் கிடைத்த மூடி அது. புத்தகப்பையில் இரண்டு பாடநூல்களுக்கு நடுவே மடிக்கணினி, காலை நேர எம்ஆர்டி ரயில் நெரிசல், பையின் மேல் சாய்ந்த முதுகுகள். அந்த அழுத்தமெல்லாம் ஒரு சின்ன மூலையில் போய் இறங்கியிருக்கிறது. புதுத் திரைக்குச் சில நூறு வெள்ளி ஆனது. பிள்ளையைக் காரணமில்லாமல் திட்டினேனே, அதுதான் அதைவிட வலித்தது.

அதன் பிறகு வீட்டிலும் உறவுக்காரர்கள் வீட்டிலும் இருந்த ஒன்பது மடிக்கணினிகளில் விதவிதமான மறைப்புகளை ஒட்டிப் பார்த்துவிட்டேன். தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

மூடி எதற்கு?

அண்ணன் மகன் கேட்டான்: "அத்தை, கேமரா ஓடினால் பக்கத்தில் விளக்கு எரியுமே, அப்புறம் எதற்கு மூடி?" நியாயமான கேள்விதான். ஆனால் 2008ஆம் ஆண்டு வரை வந்த சில மேக்புக்குகளில் அந்த விளக்கை எரியவிடாமலே கேமராவை இயக்க முடியும் என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் செய்து காட்டினார்கள். இப்போதைய மேக்புக்குகளில் விளக்கு எரியாமல் கேமரா இயங்காது என்று ஆப்பிள் சொல்கிறது. சரி, நம்புவோம். ஆனாலும் விளக்கு எரிவது கேமரா ஓடத் தொடங்கிய பிறகு. அதை யாராவது பார்த்தால்தான் பயன். 2016இல் ஃபேஸ்புக் நிறுவனர் மார்க் ஸக்கர்பெர்க் வெளியிட்ட ஒரு படத்தில் அவருடைய மேசையிலிருந்த மடிக்கணினியின் கேமராவில் டேப் ஒட்டியிருந்தது தெரிந்தது. அதே ஆண்டு அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் அப்போதைய இயக்குநர் ஜேம்ஸ் கோமியும் தன் கேமராவில் டேப் ஒட்டியிருப்பதாகச் சொன்னார்.

நம் ஊருக்கு வருவோம். 2020 அக்டோபரில் சிங்கப்பூர் வீடுகளின் உட்புறக் காட்சிகள் ஆபாசத் தளங்களில் வந்த செய்தி பலருக்கு நினைவிருக்கும். அவை வீட்டில் பொருத்தும் இணையக் கேமராக்களிலிருந்து திருடப்பட்டவை, மடிக்கணினியிலிருந்து அல்ல. ஆனாலும் அந்தச் செய்தியைப் படித்த இரவுதான் மகளின் அறையை முதன்முதலாகக் கேமராவின் கண்ணால் பார்த்தேன். மூன்றறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. மேசையில் திறந்தபடி இருக்கும் மடிக்கணினிக்கு நேர் எதிரே கட்டிலும் துணி அலமாரியும். இங்கே 2021 முதல் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாரிடமும் ஒரு கற்றல் கருவி இருக்கிறது. அது பெரும்பாலும் படுக்கையறையில்தான் இருக்கிறது.

உண்மையில் தினமும் நடப்பது ஹேக்கர் கதை இல்லை. கூட்டத்துக்கான இணைப்பை அழுத்தியதும் வீடியோ தானாகத் திறந்துகொள்வதுதான் பெரும்பாலும் நடக்கிறது. ஈரத் தலையோடு, துண்டோடு, அழுத கண்ணோடு எல்லார் முன்னாலும் போய் நிற்க நேர்கிறது. அதைத் தடுக்க ஒரு துண்டுக் காகிதம் போதும்.

படி 1: ஏற்கெனவே மூடி இருக்கிறதா என்று பாருங்கள்

இரண்டு நிமிட வேலை. கேமராவுக்கு மேலே விளிம்பை நகத்தால் தடவுங்கள். 2018க்குப் பின் வந்த பல லெனோவோ திங்க்பேடுகளில் சின்னத் தள்ளுமூடி உள்ளேயே இருக்கிறது. எச்பியின் சில வகைகளில் மேல் வரிசை விசைகளில் குறுக்குக்கோடு போட்ட கேமராப் படம் இருக்கும். வேறு சிலவற்றில் பக்கவாட்டில் ஒரு குட்டி சுவிட்ச். இருந்தால் எதுவும் வாங்காதீர்கள். என் நாத்தனார் இரண்டு ஆண்டு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். அவர் கணினியில் மூடி முதலிலிருந்தே இருந்தது.

படி 2: லென்ஸ் எது என்று கண்டுபிடியுங்கள்

விளிம்பில் மூன்று நான்கு புள்ளிகள் தெரியும். ஒன்று லென்ஸ், ஒன்று விளக்கு, ஒன்று வெளிச்சத்தை அளக்கும் சென்சார். ஊசித்துளை போல இருப்பவை மைக். கேமரா செயலியைத் திறந்து, பஞ்சுக்குச்சியால் ஒவ்வொரு புள்ளியாக மறைத்துப் பாருங்கள். எதை மறைக்கும்போது படம் இருள்கிறதோ அதுதான் லென்ஸ். விரல் வேண்டாம், எண்ணெய்ப்பசை படியும்.

நான் முதலில் அகலமான டேப்பை வரிசை முழுக்க ஒட்டினேன். சென்சாரும் மறைந்துவிட்டது. அறை இருட்டு என்று நினைத்துக் கணினி திரையின் ஒளியைத் தானே குறைத்துக்கொண்டது. பேட்டரி போய்விட்டது என்று இரண்டு நாள் அலைந்தேன். லென்ஸை மட்டும் மறையுங்கள். விளக்கையும் மறைக்காதீர்கள், அது நமக்கு வேண்டியது.

படி 3: இடைவெளியை அளங்கள்

இதைச் செய்யாமல் விட்டதால்தான் எங்கள் திரை போனது. அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

மூடிய மடிக்கணினியில் திரைக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒவ்வொரு வகையிலும் வேறு. பழைய அலுவலகக் கணினிகளில் திரையைச் சுற்றி உயர்ந்த பிளாஸ்டிக் விளிம்பும் ரப்பர்க் குமிழ்களும் இருக்கும். தாராளமாக இடம் கிடைக்கும். மெல்லிய புது வகைகளில் விளிம்புவரை கண்ணாடிதான். மேக்புக்கில் மூடியோடு சேர்த்து மூடவே வேண்டாம் என்று ஆப்பிள் எச்சரிக்கிறது. ஒட்டியே ஆகவேண்டுமென்றால் சாதாரண அச்சுக் காகிதத்தின் அளவுக்கு, அதாவது 0.1 மில்லிமீட்டருக்கு மேல் தடிப்பு இருக்கக்கூடாதாம். கடைகளில் விற்கும் தள்ளுமூடிகள் பெரும்பாலும் அதைப்போல ஐந்து ஆறு மடங்கு தடிப்பு.

அளக்கத் தனிக் கருவி வேண்டாம். அச்சுப்பொறியில் போடும் 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று ஏறக்குறைய 0.1 மி.மீ. பத்துத் தாள் அடுக்கினால் ஒரு மில்லிமீட்டர். அதில் இரண்டு செ.மீ. அகலம், பத்து செ.மீ. நீளத்துக்குத் துண்டுகளை வெட்டிக்கொள்ளுங்கள். மடித்து வைக்காதீர்கள், மடிப்பு விழும் இடம் புடைத்துக்கொள்ளும்.

கணினியை அணைத்துவிட்டு, மூடும்போது கேமரா வந்து உட்காரும் இடத்தில், அதாவது அடிப்பகுதியின் முன்விளிம்பு நடுவில், ஒரு துண்டைப் பாதி வெளியே நீட்டியபடி வையுங்கள். திரையை அதன் எடையிலேயே மூடவிடுங்கள், அழுத்தக்கூடாது. இப்போது துண்டை மெல்ல இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் இன்னொரு துண்டு சேர்த்து மறுபடியும் செய்யுங்கள். இழுக்கும்போது லேசாகப் பிடிப்பது போலத் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்கு முந்தைய எண்ணிக்கைதான் உங்கள் இடைவெளி.

என் பழைய அலுவலகக் கணினியில் எட்டுத் துண்டு வரை சும்மா வந்தது. மகளுடையதில் இரண்டாவது துண்டே பிடித்தது. அதில் நான் ஒட்டியிருந்த மூடி, பிறகு அளந்து பார்த்தால், ஏழு தாள் தடிப்பு.

கிடைத்த எண்ணில் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இது என் சொந்தக் கணக்கு. மேசைமேல் இருக்கும்போது உள்ள இடைவெளி பைக்குள் இருக்காது, புத்தகங்கள் நெருக்கும். எட்டு வந்தால் நான்கு, நான்கு வந்தால் இரண்டு. ஒன்றோ இரண்டோதான் வந்தது என்றால் பிளாஸ்டிக் மூடியை மறந்துவிடுங்கள்.

மூடியின் தடிப்பையும் இதே துண்டுகளால் அளக்கலாம். மேசையில் மூடியை வைத்து, பக்கத்தில் காகிதத்தை அடுக்கி, நகத்தால் குறுக்கே வருடுங்கள். படி போல எதுவும் இடறாமல் சமமாகப் போகும்போது எண்ணுங்கள். பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்பவேண்டாம், பின்பக்கப் பசையும் சேரும். "எல்லா மாடலுக்கும் பொருந்தும் அக்கா" என்று ஒரு கடையில் சொன்னார்கள். லென்ஸுக்குப் பொருந்தும், சரி. மூடினால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

படி 4: எதைத் தேர்ந்தெடுப்பது

பாதிக் கணக்கில் ஐந்துக்கு மேல் வந்தால் மெல்லிய தள்ளுமூடி பயன்படுத்தலாம். அப்போதும் பிளாஸ்டிக்கே போதும். உலோகம் வேண்டாம், ஓரம் கூர்மை. உயரம் உங்கள் திரை விளிம்பைவிடக் குறைவாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் படத்தின் மேல் ஏறி நிற்கும்.

வயர் டேப்பை நான் பரிந்துரைக்கமாட்டேன். கறுப்பாக, பார்க்கக் கச்சிதமாக இருக்கும். ஆனால் நம் ஊர் வெப்பத்துக்கும் ஈரப்பதத்துக்கும் சில வாரங்களில் பசை இளகி லென்ஸில் படிந்துவிடும். அப்புறம் வீடியோவில் உங்கள் முகம் பனிமூட்டத்துக்குள் இருப்பது போலத் தெரியும்.

எனக்குப் பிடித்தது சாதாரண ஒட்டுத்தாள், பசை ஒரு விளிம்பில் மட்டும் இருக்குமே, அதுதான். பாப்புலர் கடையில் ஒரு கட்டு வாங்கினால் வீட்டில் எல்லாருக்கும் ஓராண்டு வரும். ஒரு செ.மீ. அகலத்தில் வெட்டுங்கள். பசையுள்ள பகுதி லென்ஸுக்கு மேலே விளிம்பில் ஒட்டட்டும், பசையில்லாத பகுதி லென்ஸின் மேல் திரைச்சீலை போலத் தொங்கட்டும். லென்ஸில் பசையே படாது. கூட்டம் வந்தால் தூக்கி மடக்கலாம், முடிந்ததும் இறக்கிவிடலாம். தடிப்பும் ஏறக்குறைய ஒரு தாள்தான். மேல் விளிம்பு மிகவும் ஒடுக்கமாக இருந்தால் பக்கவாட்டில் ஒட்டுங்கள். கணினியை மூடுமுன் மடிப்பு இல்லாமல் நீவிவிட மறக்காதீர்கள். மேக்புக் வைத்திருப்பவர்கள் எடுத்துவிட்டு மூடுவதே நல்லது.

வெளிர் நிறத் தாளில் வெளிச்சம் ஊடுருவும். கேமராவைத் திறந்து பார்த்தால் மஞ்சளாக ஒரு மங்கல் மட்டும் தெரியும், உருவம் தெரியாது. அதுவும் மனத்துக்கு ஒப்பவில்லை என்றால் வெளிப்பக்கம் கறுப்பு மார்க்கரால் தீட்டிக் காயவிட்டு ஒட்டுங்கள்.

படி 5: சோதியுங்கள், மைக்கையும் கவனியுங்கள்

மூடி ஒலியைத் தடுக்காது. விண்டோஸில் செட்டிங்ஸுக்குள் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதியில் கேமரா, மைக்ரோஃபோன் இரண்டையும் திறந்து, தேவையில்லாத செயலிகளின் அனுமதியை அணையுங்கள். மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸுக்குள் அதே பெயரில் இருக்கும். பள்ளிக் கருவியில் சில அமைப்புகள் பூட்டப்பட்டிருக்கும். அவற்றை மாற்ற முயலாமல் ஆசிரியரிடம் கேட்பது நல்லது.

பின்னர் சேர்த்தவை

*முகம் பார்த்துத் திறக்கும் கணினி:* மூடி ஒட்டியதும் விண்டோஸ் ஹலோ முகத்தை அடையாளம் காணவில்லை என்று இதைப் படித்தவர்களில் இருவர் எழுதியிருந்தார்கள். அதற்குத் தனி அகச்சிவப்புக் கேமரா உண்டு, லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருக்கும். மூடி அகலமாக இருந்தால் அதையும் மறைத்துவிடும். ஒடுக்கமான தாள் ஒட்டினால் சரியாகிவிடும்.

*காந்த மூடி:* ஒருவர் காந்தத்தில் ஒட்டும் மூடி வாங்கினார், கணினி அடிக்கடி உறங்கிப்போகிறதாம். திரை மூடியிருப்பதைப் பல மடிக்கணினிகள் காந்தத்தை வைத்துத்தான் உணர்கின்றன. தவறான இடத்தில் காந்தம் வந்தால் குழம்பிவிடும். எடுத்துவிடுங்கள்.

*ஒட்டுப்பொட்டு:* இதைப் பற்றி நிறையப் பேர் கேட்டார்கள். என் அம்மாவே அதைத்தான் செய்திருந்தார், கறுப்பு ஒட்டுப்பொட்டு, லென்ஸ் அளவுக்குக் கனகச்சிதம். தேக்காவில் எந்தக் கடையிலும் கிடைக்கும், விலையும் குறைவு. ஆனால் வெல்வெட் பொட்டை நான் அளந்தபோது நான்கு தாள் தடிப்பு வந்தது. பசையும் நெற்றியில் வியர்வையைத் தாங்குவதற்காகச் செய்தது, லேசில் விடாது. இடைவெளி தாராளமாக உள்ள கணினிக்கு மட்டும், அதுவும் ஒட்டுத்தாளின் மேல் பொட்டை ஒட்டி, அந்தத் தாளைக் கேமராவில் ஒட்டுங்கள். கல் வைத்த பொட்டு எந்தக் கணினிக்கும் வேண்டவே வேண்டாம்.

*பழைய மூடியை எடுப்பது எப்படி:* நெம்பாதீர்கள். பல் இடுக்கில் விடும் நூலை மூடிக்கும் கண்ணாடிக்கும் நடுவே செலுத்தி அறுப்பது போல முன்னும் பின்னும் இழுங்கள், பசை விட்டுக்கொடுக்கும். மிச்சப் பசையைக் கண்ணாடியிலிருந்து எடுக்க, மருந்துக் கடையில் கிடைக்கும் 70 விழுக்காட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் துடைப்பானைப் பிழிந்துவிட்டு ஒரு மூலையால் மட்டும் துடைக்கலாம். எதையும் நேரடியாகத் திரையில் தெளிக்கவேண்டாம். அம்மாவின் கணினியில் பொட்டுப் பசையை எடுக்க எனக்கு மூன்று துடைப்பான் ஆனது. இப்போது அங்கே பச்சை நிற ஒட்டுத்தாள் தொங்குகிறது. வெள்ளிக்கிழமை வீட்டைத் துடைக்கும்போது அதையும் புதிதாக மாற்றிவிடுகிறார்.