அந்த வெறும் மணிக்கட்டை முதலில் வரையுங்கள்: ஸ்டோரிபோர்டு போடும் முறை

ஸ்டோரிபோர்டு (படப்பிடிப்புக்கு முன்பே காட்சியை ஷாட் ஷாட்டாகப் படம் வரைந்து வைப்பது) என்றதும் பலர் முதல் ஷாட்டிலிருந்து வரிசையாக வரைய ஆரம்பித்துவிடுகிறார்கள். அழுத்தமான காட்சிக்கு அது சரிவராது. காட்சி எந்த நொடியில் திரும்புகிறதோ, அந்த ஃப்ரேமைத்தான் முதலில் வரைய வேண்டும்.

ஓர் உதாரணம். இரவு, சமையலறை. மகன் தரையில் சாப்பிட உட்கார்ந்திருக்கிறான். வேலை போனதை அம்மாவிடம் மறைத்து வருகிறான். அவளுக்கு அது தெரியும். வளையல்களை அடகு வைத்துத்தான் வீட்டை ஓட்டுகிறாள். ரசம் ஊற்றக் கை நீளும்போது, வெறும் மணிக்கட்டை அவன் பார்க்கிறான்.

படி 1: அந்த மணிக்கட்டைக் குளோசப்பில் வரைந்து மேசையில் வையுங்கள். மற்ற எல்லா ஷாட்டும் இதற்காகத்தான்.

படி 2: இனி பின்னோக்கி யோசியுங்கள். அதற்கு முன்னால் அந்தக் கை எங்குமே தெளிவாகத் தெரியக்கூடாது. அடுப்பருகே முதுகு காட்டி நிற்கட்டும், முந்தானை கையை மறைக்கட்டும், பாத்திரம் குறுக்கே வரட்டும். வைடில் (முழு அறையும் தெரியும் ஷாட்) தொடங்கி மிட் (இடுப்புக்கு மேல்), சஜஷன் (ஒருவர் தோளுக்குப் பின்னாலிருந்து மற்றவரைக் காட்டுவது) என்று மெல்ல நெருங்குங்கள். அதற்குள் முகங்களுக்குக் குளோசப் வைத்துவிட்டால் மணிக்கட்டுக்கு வலு இருக்காது. ஸ்டோரிபோர்டில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான்.

படி 3: அறையை மேலிருந்து பார்ப்பதுபோல் ஒரு படம் போடுங்கள். அம்மாவுக்கும் மகனுக்கும் நடுவே ஒரு கோடு இழுத்து, கேமராவைக் கோட்டின் ஒரே பக்கம் வையுங்கள். தாண்டினால் லுக் (பார்க்கும் திசை) மாறி, இருவரும் ஒரே திசையைப் பார்ப்பதுபோல் ஆகிவிடும்.

படி 4: 16:9 படமென்றால் 8 செ.மீ. அகலம், 4.5 செ.மீ. உயரத்தில் கட்டம் போடுங்கள். ஒரு ஏ4 தாளில் ஆறு கட்டம், அடியில் குறிப்பெழுத இடம். குச்சி மனிதர்களே போதும். சத்யஜித் ராய் 1955இல் வெளிவந்த தன் முதல் படத்துக்குக் காட்சிகளை ஓவியமாகவே வரைந்து வைத்திருந்தார். அவர் விளம்பர நிறுவனத்தில் ஓவியராக இருந்தவர். நமக்கு அந்தக் கை தேவையில்லை. யார் எங்கே, எவ்வளவு பெரிதாக, எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று தெரிந்தால் சரி. ஆள் நகர்ந்தால் கட்டத்துக்குள்ளும், கேமரா நகர்ந்தால் வெளியிலும் அம்பு போடுங்கள்.

படி 5: ஒவ்வொரு கட்டத்தின் அடியிலும் ஷாட் எண், வசனத்தின் முதல் சொற்கள், ஒலி. ரசம் கொதிக்கும் சத்தம் எங்கே நிற்கிறது என்பதையும் எழுதுங்கள்.

படி 6: எல்லாவற்றையும் போனில் படமெடுத்து, எடிட்டிங் ஆப்பில் அடுக்கி, வசனத்தை நீங்களே பேசி ஓடவிடுங்கள். இழுவையான இடம் உடனே தெரிந்துவிடும்.

அப்புறம், மணிக்கட்டுக்குப் பிறகு அம்மாவின் முகத்துக்குப் போவதா, மகன் முகத்துக்குப் போவதா? இரண்டு விதமாகவும் அடுக்கிப் பாருங்கள். நான் மகனைத்தான் காட்டுவேன். தலை தூக்காமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறான். ஃப்ரேமுக்கு வெளியிலிருந்து அம்மாவின் குரல் மட்டும்: "இன்னும் கொஞ்சம் சோறு போடவாப்பா?"