வெளிநாட்டில் வீடு வாங்குகிறீர்களா? வக்கீல் விஷயத்தில் இந்தத் தவறுகள் வேண்டாம்

வீட்டைக் காட்டிய ஏஜென்ட்டே சொல்வார்: "நமக்குத் தெரிந்த வக்கீல் ஒருத்தர் இருக்கார், எல்லாத்தையும் அவரே பார்த்துக்குவார்." ஊர் புதிது, பாஷை தெரியாது, சட்டம் அதைவிடத் தெரியாது. சரி என்று தலையாட்டிவிடத்தான் தோன்றும். ஆனால் வெளிநாட்டில் சொத்து வாங்கிக் கையைச் சுட்டுக்கொள்பவர்களில் பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். அந்த வக்கீல் நேர்மையானவராகவே இருக்கலாம். இருந்தாலும் உங்களால் அவருக்குக் கிடைப்பது ஒரே ஒரு வேலை. ஏஜென்ட்டோ வருடம் முழுக்க ஆள் அனுப்புகிறவர். பத்திரத்தில் கோளாறு தெரிந்தால், "இதை வாங்காதீர்கள்" என்று உங்களிடம் சொல்ல அந்த வக்கீலுக்கு எவ்வளவு மனம் வரும்?

உங்கள் வக்கீலை நீங்களே தேடுங்கள். பெரும்பாலான நாடுகளில் வழக்கறிஞர் சங்கத்தின் பதிவேட்டில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். பிறகு ஒரே ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: விற்பவர், பில்டர், ஏஜென்ட் இவர்களில் யாருக்காவது நீங்கள் வேலை செய்கிறீர்களா, யாரிடமிருந்தாவது கமிஷன் வாங்குகிறீர்களா? பதிலை மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள்.

"நோட்டரிதான் இருக்கிறாரே, தனியாக வக்கீல் எதற்கு?" என்பது அடுத்த தவறு. ஸ்பெயினிலும் பிரான்சிலும் நோட்டரி என்பவர் அரசு அதிகாரம் பெற்றவர். பத்திரம் அவர் முன்னிலையில்தான் முடியும். ஆனால் அவர் இரு தரப்புக்கும் பொதுவானவர். ஸ்பெயின் நோட்டரி ஆளைச் சரிபார்ப்பார், பத்திரத்தை வாசித்துக் காட்டுவார். மாடியில் கட்டிய அறைக்கு அனுமதி இருக்கிறதா என்று உங்களுக்காக நகராட்சிக்குப் போய் விசாரிக்க மாட்டார். பிரான்சில் வாங்குபவர் தனக்கென்று தனி நோட்டரியை வைத்துக்கொள்ளலாம். சட்டம் நிர்ணயித்த ஒரே கட்டணத்தை இரண்டு நோட்டரிகளும் பங்கிட்டுக்கொள்வார்கள் என்பதால் உங்களுக்குக் கூடுதல் செலவே இல்லை. இது தெரியாமல் விற்பவரின் நோட்டரியோடு நின்றுவிடுபவர்கள் நிறைய.

சரி, வக்கீலை எப்போது அமர்த்துவது? முன்பணம் கொடுப்பதற்கு முன்பு. பலர் அட்வான்ஸைக் கட்டி, ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டுத்தான் வக்கீலைத் தேடுகிறார்கள். ஸ்பெயினில் இந்த முன்பணம் பெரும்பாலும் விலையில் 10 சதவீதம். அந்நாட்டுச் சிவில் சட்டத்தின் 1454ஆம் பிரிவின்படி எழுதிய ஒப்பந்தம் என்றால், வாங்குபவர் பின்வாங்கினால் பணம் போய்விடும். விற்பவர் பின்வாங்கினால் இரண்டு மடங்காகத் திருப்பித் தர வேண்டும். பிரான்சில் வீடு வாங்குபவருக்கு மனம் மாற 10 நாள் அவகாசம் உண்டு. இங்கிலாந்தில் இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களைக் கைமாற்றிக்கொள்ளும்வரை யாரும் யாருக்கும் கட்டுப்பட்டவர் அல்ல. நாட்டுக்கு நாடு இப்படி மாறும் என்பதால், "வில்லங்கம் தெரிந்தாலோ வங்கிக் கடன் கிடைக்காவிட்டாலோ முன்பணம் முழுதும் திரும்ப வேண்டும்" என்ற வரியை முதல் ஒப்பந்தத்திலேயே எழுதவைக்க வேண்டும். இந்த ஒரு வரிக்காகவே வக்கீலுக்கு ஃபீஸ் கொடுக்கலாம் என்பேன்.

அப்புறம் செலவுக் கணக்கு. ஸ்பெயினின் ஆண்டலூசியாவில் 2,00,000 யூரோவுக்கு ஒரு பழைய வீடு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். அங்கே சொத்து மாற்ற வரி 7 சதவீதம், அதாவது 14,000 யூரோ. வக்கீல்கள் வழக்கமாகக் கேட்பது விலையில் 1 சதவீதம் அளவு: 2,000 யூரோ, அதற்கு மேல் 21 சதவீத வாட், 420 யூரோ. நோட்டரிக்கும் பதிவுக்கும் தனி. மொத்தத்தில் விலைக்கு மேல் 9 சதவீதத்தை நெருங்கும். இதில் பெரும்பகுதி வரிதான். அதைக் குறைக்க யாராலும் முடியாது. அதனால் கையில் எஞ்சியிருக்கும் வக்கீல் ஃபீஸில் கைவைக்கிறார்கள். மொத்தச் செலவிலேயே உங்களுக்காக வேலை செய்யும் பணம் அது ஒன்றுதான்.

அந்தப் பணத்துக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஸ்பெயினில் 'நோட்டா சிம்ப்லே' என்ற பதிவேட்டு நகல் சில யூரோவுக்கே கிடைக்கும். சொத்தின் விவரம், உரிமையாளர், மேலே உள்ள கடன், ஜப்தி எல்லாம் அதில் இருக்கும். நகலில் ஒரே தளம், 90 சதுர மீட்டர் என்று இருக்கிறது; நேரில் பார்த்தால் மாடியில் இரண்டு அறையும் பின்னால் நீச்சல் குளமும் இருக்கின்றன. நல்ல வக்கீல் அங்கேயே நிறுத்திவிடுவார். அவை அனுமதியில்லாமல் கட்டியவையாக இருந்தால் இடிப்பு உத்தரவு புது உரிமையாளர் தலையில் விழலாம். அடுக்குமாடி வீடென்றால் முந்தையவர் வைத்த பராமரிப்புப் பாக்கியும், நடப்பு ஆண்டுக்கும் அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கும், வீட்டோடு சேர்ந்தே வரும்.

கட்டணத்தைப் பேசும்போது தொகையை மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். வாட் சேர்ந்ததா, மொழிபெயர்ப்பு யார் செலவு, வியாபாரம் பாதியில் முறிந்தால் எவ்வளவு, மணிக்கணக்கு என்றால் உச்சவரம்பு என்ன, பத்திரத்துக்குப் பிறகு பதிவு செய்வதும் இதில் அடங்குமா? எல்லாம் ஒரு கடிதமாக எழுத்தில் வரட்டும். ஸ்பெயினில் விற்பவர் அந்நாட்டில் வசிக்காதவர் என்றால், விலையில் 3 சதவீதத்தைப் பிடித்து ஒரு மாதத்துக்குள் வரித்துறைக்குக் கட்டும் பொறுப்பு வாங்குபவருடையது. அதை யார் செய்வது என்பதும் அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும்.

சில நாடுகளில் வெளிநாட்டவர் வாங்க முடியுமா என்பதே கேள்வி. சிங்கப்பூரில் 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டவருக்குக் கூடுதல் முத்திரைத் தீர்வை 60 சதவீதம். கனடா 2023 ஜனவரி முதல் வீடு வாங்கத் தடை போட்டது. சில விலக்குகள் உண்டு. தாய்லாந்தில் பொதுவாக நிலம் வெளிநாட்டவர் பெயரில் இருக்க முடியாது. அடுக்குமாடிக் கட்டடத்தில் 49 சதவீதப் பரப்பு வரைதான் அவர்களுக்கு. "உள்ளூர் ஆட்கள் பெயரில் கம்பெனி தொடங்கி நிலத்தை வாங்கிவிடலாம்" என்று அங்கே யோசனை சொல்பவர் வக்கீலாகவே இருந்தாலும் விலகிவிடுங்கள். பினாமி அங்கே குற்றம். போவது நிலம் மட்டுமல்ல, வழக்கும் சேர்ந்து வரும்.

உங்கள் சார்பில் கையெழுத்திட வக்கீலுக்குப் பவர் கொடுக்கும்போது எந்தச் சொத்து, என்ன விலை, எவ்வளவு காலம் என்று வரையறுத்துக் கொடுங்கள். விற்கவும் கடன் வாங்கவும் சேர்த்து எழுதிய பொது பவர் வேண்டவே வேண்டாம். பணம் அனுப்பும் நாளில் "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று ஈமெயில் வந்தால், ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் எண்ணில் வக்கீலைக் கூப்பிட்டுக் கேட்காமல் ஒரு காசும் அனுப்பாதீர்கள். மெயிலை இடைமறித்துப் பணம் பறிப்பவர்கள் சொத்து வியாபாரத்தைக் குறிவைத்தே காத்திருக்கிறார்கள்.

கடைசித் தவணை ஃபீஸை, உங்கள் பெயர் ஏறிய பதிவேட்டு நகல் கைக்கு வந்த பிறகுதான் தருவது என்று ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள். நேர்மையான வக்கீல் யாரும் அதற்கு முகம் சுளிக்க மாட்டார்.