மடிப்பாக்கத்தில் வாடகை வீடு பார்ப்பவர்களுக்கு

சித்திரையில் வீடு பார்க்காதீர்கள். அப்போது எல்லாத் தெருவும் அழகுதான். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு நல்ல மழைக்கு மறுநாள் வந்து பாருங்கள்.

முதலில் வாசலில் நின்று சாலையைப் பாருங்கள். ஊராட்சியாக இருந்த இவ்விடம் 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, பல தெருக்களில் சாலை உயர்ந்து, வீடு பள்ளத்தில் இறங்கிவிட்டது. வாசற்படி சாலையைவிடத் தாழ்ந்திருந்தால் வாடகை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம் என்பேன்.

பிறகு நிலத்தடித் தொட்டியின் மூடி. அது தரையோடு தரையாக இருந்தால் மழைநாளில் சாக்கடை நீர் குடிநீரில் கலக்கும். மின் மீட்டர் இடுப்புக்குக் கீழே இருந்தால் அதுவும் ஆபத்து. புதுச் சுண்ணாம்பு தரையிலிருந்து மூன்றடிக்கு மட்டும் அடித்திருந்தால், எதை மறைக்கிறார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

வீட்டுக்காரரிடம் வெள்ளத்தைப் பற்றிக் கேட்டுப் பயனில்லை. தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் கேளுங்கள்: 2015 டிசம்பரில் தண்ணீர் எதுவரை வந்தது, 2023இல் மிக்ஜாம் புயலின்போது எத்தனை நாளில் வடிந்தது? அவர் கையால் உயரம் காட்டுவார்; எந்தத் தரகரும் காட்டமாட்டார்.

பக்கத்தில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் இருக்கிறது, 2022இல் ராம்சார் தகுதி, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அங்கீகாரம், பெற்றது. தண்ணீர் போக வேண்டிய இடம் அதுதான். தெரு அந்தப் பக்கம் சரிகிறதா, நடுவில் அடுக்குமாடி மறிக்கிறதா என்று நடந்தே பாருங்கள்.

கோடையில் கிணறு வற்றினால் லாரித் தண்ணீருக்கு யார் பணம் கொடுப்பது என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.