பதில் வரும்வரை எப்படி ஜெபிப்பது

கஷ்டத்தில் இருக்கும் ஒருவரிடம் "ஜெபம்பண்ணுங்கள், கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்கிறோம். அது உண்மைதான். ஆனால் எப்படி ஜெபிப்பது, எத்தனை நாள் ஜெபிப்பது, பதில் வராத அந்த நடுக்காலத்தில் காலையில் எழுந்து என்ன செய்வது என்பதை யாரும் உட்கார்ந்து சொல்லித்தருவதில்லை. அதனால் முதல் வாரம் கண்ணீரோடு முழங்காலில் நின்றவர்கள் சில மாதம் கழித்து ஜெபிக்கவே கூச்சப்படுகிறார்கள், கேட்டதையே எத்தனை முறை கேட்பது என்று. கடன், வியாதி, உடைந்துபோன குடும்பம், வேலையில்லாத நாட்கள், எதுவாக இருந்தாலும் சரி, அந்தச் சில மாதம் கழிந்த நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

"கர்த்தருக்காகப் பொறுமையுடன் காத்திருந்தேன், அவர் என்னிடமாய்ச் சாய்ந்து, என் கூப்பிடுதலைக் கேட்டார்" என்று 40ஆம் சங்கீதம் தொடங்குகிறது. பலருக்கு மனப்பாடமான வசனம். ஆனால் அதற்கு அடுத்த வசனத்தையும் பாருங்கள், பயங்கரமான குழியும் உளையான சேறும் வருகிறது. தாவீது அமைதியான ஓர் அறையில் உட்கார்ந்து காத்திருக்கவில்லை, சேற்றுக்குள் நின்றுகொண்டு காத்திருந்தார், அதுவும் கூப்பிட்டுக்கொண்டே. இன்னொன்று, தூக்கியெடுக்கப்பட்டதைப் பாடிய அதே சங்கீதம் "என் தேவனே, தாமதியாதேயும்" என்றுதான் முடிகிறது. ஒரு விடுதலையைப் பார்த்தவருக்கு மறுபடியும் ஓர் அவசரம் வந்திருக்கிறது, மறுபடியும் கேட்கிறார். ஆகவே பொறுமை என்றால் எதுவும் உணராமல் இருப்பது என்று நினைத்து உங்களையே குற்றப்படுத்திக்கொள்ளாதீர்கள். கூப்பிடுவதை நிறுத்தாமல் இருப்பதுதான் பொறுமை.

உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்

ஜெபத்தைத் தொடங்கும்போது நல்ல வார்த்தைகளைத் தேடாதீர்கள். நம்மில் பலருக்கு ஒரு பழக்கம் இருக்கிறது, மனசுக்குள் கோபமும் பயமும் கொதித்துக்கொண்டிருக்க வாய் மட்டும் "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று சொல்லிக்கொண்டே போகும். ஸ்தோத்திரம் நல்லது, ஆனால் மனதில் இருப்பதை மூடிவைக்க அதைப் பயன்படுத்தினால் சீக்கிரம் களைத்துப்போவீர்கள். 13ஆம் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனங்களில் மட்டும் தாவீது "எதுவரைக்கும்" என்று நான்கு முறை கேட்கிறார், "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று நேருக்கு நேராகவே கேட்கிறார். 88ஆம் சங்கீதம் இருட்டிலேயே முடிந்துவிடுகிறது, கடைசியில்கூட ஆறுதலான ஒரு வரி இல்லை. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. இப்படியும் ஜெபிக்கலாம் என்று கர்த்தரே அனுமதித்த ஜெபங்கள் இவை.

அன்னாளைக் கவனியுங்கள். பிள்ளையில்லை, வீட்டில் தினமும் குத்திக்காட்டும் ஒருத்தி வேறு. அவர் ஆலயத்தில் உதடு மட்டும் அசைய அழுத அழுகையைப் பார்த்து, குடித்திருக்கிறாள் என்றே ஆசாரியனான ஏலி நினைத்துவிட்டார். நான் குடித்திருக்கவில்லை, என் இருதயத்தைக் கர்த்தருடைய சந்நிதியில் ஊற்றிவிட்டேன் என்றுதான் அன்னாள் பதில் சொன்னார். அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஏலி சமாதானம் சொல்லி அனுப்பியதும் அவர் போய்ச் சாப்பிட்டார், "அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை" என்று எழுதியிருக்கிறது. அப்போது சாமுவேல் பிறக்கவில்லை, கருவில்கூட இல்லை. சூழ்நிலையில் எதுவும் மாறுவதற்கு முன்பே முகம் மாறிவிட்டது. ஊற்றவேண்டியதை ஊற்றி முடித்தால் வரும் சமாதானம் அது, அடக்கிவைத்தால் வராது.

எசேக்கியா செய்ததை அப்படியே நீங்களும் செய்யலாம். அசீரியா ராஜா அனுப்பிய மிரட்டல் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஆலயத்துக்குப் போய், கர்த்தருக்கு முன்பாக அதை விரித்துவைத்து ஜெபித்தார். உங்களிடமும் ஏதாவது ஒரு காகிதம் இருக்கும், மருத்துவ அறிக்கை, வங்கி நோட்டீஸ், நீதிமன்றக் கடிதம். அதைப் படுக்கையில் விரித்துவைத்து, "இதைப் பாருங்கள் ஆண்டவரே, இந்தத் தொகை, இந்தத் தேதி" என்று விரல் வைத்துக் காட்டி ஜெபியுங்கள். சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம், தோன்றட்டும். பொதுவாக "என் பிரச்சினைகளைத் தீரும்" என்று ஜெபிக்கிறபோது மனம் அலைகிறது, குறிப்பாகக் கேட்கிறபோது நிலைக்கிறது. குருடனான பர்திமேயு கூப்பிட்டு வந்து நின்றபோதும், அவனுக்கு என்ன தேவை என்பது கண்கூடாகத் தெரிந்தும், உனக்கு நான் என்ன செய்யவேண்டும் என்று இயேசு அவனிடம் கேட்டார்.

ஒரு நோட்டில் தேதி போட்டுக் கேட்டதை எழுதிவையுங்கள். எதிர்ப்பக்கத்தைக் காலியாக விடுங்கள். கேட்டபடியோ வேறு விதமாகவோ ஏதாவது நடந்தால் அங்கே எழுதுங்கள். கஷ்டகாலத்தில் ஞாபகம் நம்பமுடியாத அளவுக்கு மங்கிவிடும், கர்த்தர் ஏற்கெனவே செய்தது எதுவும் நினைவுக்கு வராது, அன்று அந்த நோட்டு தேவைப்படும்.

தினமும் எவ்வளவு நேரம்?

குறைவாக, ஆனால் தவறாமல். ராஜா தடை போட்டபோதும் தானியேல் தினம் மூன்று வேளை முழங்காற்படியிட்டு ஜெபித்தார், அதையும் அவர் முன்பு செய்துவந்தபடியே செய்தார் என்று வேதம் சொல்கிறது. சிங்கக்கெபி வரப்போகிறது என்று தெரிந்து புதிதாகத் தொடங்கிய ஜெபம் இல்லை அது. நீங்கள் நெருக்கடி வந்தபிறகுதான் தொடங்குகிறீர்கள் என்றாலும் பரவாயில்லை, முதல் நாளே இரவு முழுவதும் விழித்து ஜெபிக்கிறேன் என்று தீர்மானிக்காமல், காலையில் பத்து நிமிடம், படுக்கப்போகும்முன் ஐந்து நிமிடம் என்று வையுங்கள். "அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்" என்று இயேசு சொன்னதை ஜெபத்துக்கும் பொருத்திக்கொள்ளுங்கள். இன்றைக்குத் தேவையான பெலனை இன்று கேட்டால் போதும், அடுத்த வருடத்தை இன்று இரவே சுமந்து முடிக்கவேண்டாம்.

வார்த்தையே வராத நாட்கள் வரும். அன்றைக்கு ஒரு சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள், அதுவே உங்கள் ஜெபம். அதுவும் முடியாவிட்டால் சும்மா உட்காருங்கள், ஆவியானவர் தாமே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுகிறார் என்று ரோமர் 8ஆம் அதிகாரம் சொல்கிறது. ஒரே ஜெபத்தைத் திரும்பத்திரும்பச் செய்வது விசுவாசக் குறைவோ என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கெத்செமனேயில் இயேசுவே மூன்றாம் தரமும் முன்பு சொன்ன அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார். அவர் கண்டித்தது மனதில்லாத வீண் அலப்பலை.

தாமதம் நீளும்போது

இங்கேதான் பலர் விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். யோசேப்பின் கதை தொடங்கும்போது அவருக்கு 17 வயது. பார்வோனுக்கு முன்னால் நின்றபோது 30. நடுவில் அடிமைத்தனம், பொய்க்குற்றச்சாட்டு, சிறை. விடுதலையாகிப் போன பானபாத்திரக்காரர் தலைவனிடம் என்னை நினைத்துக்கொள் என்று கெஞ்சிச் சொல்லியும் அவன் மறந்துபோனான், அதற்குப் பிறகும் இரண்டு முழு வருடங்கள் போயின. தானியேல் 10ஆம் அதிகாரத்தில் அவர் மூன்று வாரம் துக்கித்துக் காத்திருக்கிறார், கடைசியில் வந்த தூதன் சொன்னது என்ன தெரியுமா, நீ மனதைச் செலுத்திய முதல் நாளிலேயே உன் வார்த்தைகள் கேட்கப்பட்டன என்பது. எலியா மழைக்காக ஜெபித்துவிட்டு வேலைக்காரனைக் கடல்பக்கம் பார்க்க அனுப்பினார், ஆறு முறையும் ஒன்றுமில்லை என்றே வந்து சொன்னான், ஏழாம் முறைதான் உள்ளங்கை அளவு மேகம்.

இவற்றை வைத்து எனக்கும் 21 நாள், எனக்கும் ஏழு முறை என்று கணக்குப் போடாதீர்கள். அப்படிக் கணக்குப் போட்டு, நாள் கடந்ததும் நொறுங்கிப்போனவர்கள் அதிகம். கர்த்தர் ஒவ்வொருவருக்கும் வேறுவேறு காலத்தை வைத்தார் என்பதுதான் இந்தச் சம்பவங்களில் பொதுவாக இருக்கிறது. பதில் தெரியவில்லை என்பதாலேயே ஜெபம் கேட்கப்படவில்லை என்று முடிவு கட்டமுடியாது என்பதும் இருக்கிறது.

தாமதத்தின்போது வரும் பெரிய ஆபத்து குறுக்குவழி. ஏழு நாள் காத்திருக்கச் சொல்லியிருந்தும் சாமுவேல் வருவதற்குள் பொறுமையிழந்து பலி செலுத்திய சவுல் ராஜ்யத்தையே இழந்தார். உங்கள் குறுக்குவழி எதுவென்று உங்களுக்கே தெரியும், ஒரு கடனை அடைக்க அதைவிடப் பெரிய வட்டிக்கு இன்னொரு கடன், தனிமை தாங்காமல் தப்பான ஓர் உறவு, ஒரு பொய்க் கையெழுத்து. அந்த மாதிரி முடிவை இரவில் எடுக்காதீர்கள். தூங்கி எழுந்து, நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லி, அதற்கப்புறமும் சரி என்று தோன்றுகிறதா பாருங்கள்.

விசுவாசம் குறைந்துவிட்டது என்று தோன்றினால் அதையும் ஜெபமாக்குங்கள். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கதறின தகப்பனை இயேசு திருப்பி அனுப்பவில்லை, அவன் பிள்ளையைக் குணமாக்கினார்.

ஜெபித்துவிட்டு எழுந்து நடங்கள்

எருசலேமின் மதில் இடிந்துகிடப்பதைக் கேள்விப்பட்ட நெகேமியா கிஸ்லேயு மாதத்தில் அழுது உபவாசித்து ஜெபிக்கத் தொடங்கினார், ராஜாவிடம் பேச வாய்ப்புக் கிடைத்தது நிசான் மாதத்தில். ஏறக்குறைய நான்கு மாதம். வாய்ப்பு வந்தபோது எவ்வளவு காலம் ஆகும், எந்த அதிகாரிகளுக்குக் கடிதம் வேண்டும், எதற்கெல்லாம் மரம் வேண்டும் என்பதெல்லாம் அவரிடம் தயாராக இருந்தது. பிறகு எதிரிகள் வந்தபோதும் ஜெபமும் பண்ணினார்கள், காவலும் வைத்தார்கள்.

ஆகவே வேலைக்காக ஜெபித்தால் விண்ணப்பமும் அனுப்புங்கள். கடனுக்காக ஜெபித்தால் கடன்காரரின் போனை எடுத்துப் பேசுங்கள். சுகத்துக்காக ஜெபித்தால் மாத்திரையை நிறுத்தாதீர்கள், இதை அழுத்தியே சொல்கிறேன். எசேக்கியாவுக்கு இன்னும் 15 வருடம் ஆயுள் என்று கர்த்தரே வாக்குக் கொடுத்த பிறகும் ஏசாயா அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச்சொல்லிப் பிளவையின்மேல் போடவைத்தார். வீட்டில் அடி வாங்குகிறவர்களிடம் பொறுமையாய் ஜெபித்துச் சகித்துக்கொள் என்று சொல்வது தவறான ஆலோசனை. சவுல் ஈட்டியை எறிந்தபோது தாவீது விலகித் தப்பியோடினார், கொல்ல ஆட்கள் வீட்டைச் சூழ்ந்த இரவில் மனைவி அவரை ஜன்னல் வழியாக இறக்கிவிட்டார். பாதுகாப்பான இடத்துக்குப் போய் அங்கிருந்து ஜெபிக்கலாம்.

காணிக்கை அனுப்பினால் உடனடி விடுதலை என்று யாராவது சொன்னால் விலகிவிடுங்கள். குஷ்டம் நீங்கின நாகமான் கொடுத்த வெகுமதியை எலிசா தொடவில்லை, அதற்கு ஆசைப்பட்டுப் பின்னால் ஓடிய கேயாசிக்கு அந்தக் குஷ்டமே வந்தது.

தனியாகச் சுமக்காதீர்கள். யுத்தத்தின்போது உயர்த்திப் பிடித்த மோசேயின் கை தளர்ந்தபோது, ஆரோனும் ஊர் என்பவரும் இரண்டு பக்கமும் தாங்கினார்கள். உங்களுக்கு இருபது பேர் வேண்டாம், விவரத்தைப் பிறரிடம் பரப்பாமல் ஜெபிக்கக்கூடிய ஒருவர், இருவர் போதும். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வருகிறதென்றால் அந்த நாளே ஒருவரிடம் சொல்லுங்கள், மருத்துவரிடமும் போங்கள். சாகவேண்டும் என்று கேட்டுச் சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவுக்குக் கர்த்தர் முதலில் கொடுத்தது தூக்கமும் அப்பமும் தண்ணீரும்தான், பேச்சு அதற்குப் பிறகு.

விடுதலை எந்த உருவத்தில் வரும்

இதை உங்களால் தீர்மானிக்கமுடியாது, இந்த உண்மையை மறைத்து உங்களுக்கு நம்பிக்கை தர எனக்கு விருப்பமில்லை. அப்போஸ்தலர் 12ஆம் அதிகாரத்தில் யாக்கோபு பட்டயத்தால் கொல்லப்படுகிறார், அதே அதிகாரத்தில் பேதுருவைத் தூதன் சிறையிலிருந்து வெளியே கொண்டுவருகிறார். ஏன் இவருக்கு அப்படி, அவருக்கு இப்படி என்று வேதம் விளக்கவில்லை. பவுல் மூன்று முறை வேண்டியும், முள் என்று அவர் சொன்ன அந்தத் துன்பம் எடுக்கப்படவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் வந்தது. ராஜா நிறுத்திய சிலையை வணங்க மறுத்து அக்கினிச்சூளைக்கு முன்னால் நின்ற மூவரும் எங்கள் தேவன் விடுவிக்க வல்லவர் என்று சொன்ன அதே மூச்சில், விடுவிக்காமற்போனாலும் உன் சிலையை வணங்கமாட்டோம் என்றார்கள். அந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லப் பழகுங்கள். கேட்பதை முழு மனதோடு கேளுங்கள், கைகளை மூடாமல் கேளுங்கள். பிரச்சினை போய்விடலாம், பிரச்சினை இருக்க நீங்கள் தாங்கும் பலம் வரலாம், நீங்கள் நினைத்தே பார்க்காத ஒருவர் வழியாகக் கதவு திறக்கலாம். பேதுரு வந்து கதவைத் தட்டியபோது, அவருக்காகவே ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் நம்பவில்லை, செய்தி சொன்ன ரோதையைப் பார்த்து உனக்குப் பித்துப்பிடித்திருக்கிறது என்றார்கள். பதிலை எதிர்பாருங்கள், தட்டும் சத்தம் கேட்டால் எழுந்துபோய்த் திறந்து பாருங்கள்.

விடுதலை கிடைத்தபின் சபையில் சாட்சி சொல்ல எழுந்து நிற்கும்போது, காத்திருந்த மாதங்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஜெபித்தேன், கிடைத்தது என்று இரண்டு வரியில் முடிக்காமல், அழுத நாட்களையும், ஜெபிக்க முடியாமல் படுத்திருந்த நாட்களையும், யார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள் என்பதையும் சொல்லுங்கள். கடைசி வரிசையில் ஒருவர் அதே நடுக்காலத்தில் உட்கார்ந்திருப்பார், முடிந்தால் ஆராதனை முடிந்ததும் அவரிடம் போய் அவருடைய ஜெபக்குறிப்பைக் கேட்டு உங்கள் நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள்.