ஆச்சிக்குத் துணையா ஆஸ்பத்திரியில இருக்கப் போறீங்களா?

மொதல்ல ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்குங்க. ஃபிளாஸ்க், போர்வையெல்லாம் பொறவு பாத்துக்கலாம்.

கால் புண்ணோட எங்க ஆச்சி பாளையங்கோட்டைல ஒம்பது நாள் கெடந்தா. ஆஸ்பத்திரி பேரு வேண்டாம். மூணாம் நாள் காலைல சுகர் மாத்திரையைக் குடுத்துட்டு ஒரு நர்ஸ் டூட்டி முடிஞ்சு போயிட்டாவ. அடுத்து வந்தவங்க அதே மாத்திரையோட நிக்காவ! நோட்டுல 'காலை 7.10, குடுத்தாச்சு'ன்னு எழுதியிருந்தேன், அதைக் காட்டுனேன். கேஸ் சீட்டுல யாருமே குறிக்கல. சண்டை போடல, ஆனா விடவும் இல்ல. டியூட்டி டாக்டர் வந்து பாத்து எழுதுற வரைக்கும் அங்கனயே நின்னேன். ஊசியோ மாத்திரையோ, பேரைக் கேட்டு நேரத்தோட எழுதிருங்க. சுகர் மாத்திரை கூடிட்டா ரத்தத்துல சர்க்கரை ரொம்ப எறங்கி ஆளே மயங்கிரலாம்.

அதே வார்டுலதான் ராத்திரி நர்ஸ் ஒருத்தவ, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க ஆச்சியைப் பைய ஒருச்சாச்சுப் படுக்க வச்சாவ. படுக்கைப் புண் வராம இருக்க அதுதான் வழி. எப்படிப் பெரட்டணும்னு எனக்கும் சொல்லித் தந்தாவ. அவங்க பேரையும் நோட்டுல எழுதி வச்சேன். கெளம்புற அன்னைக்கு நர்ஸுகளுக்கெல்லாம் தலைவியான மேட்ரன்கிட்ட போய் அவங்களைப் பத்தி நல்லவிதமாச் சொன்னேன். திட்டுறதுக்கு மட்டுமா வாய்?

முதலமைச்சர் காப்பீடு இருந்தா, சேக்குற அன்னைக்கே ரேஷன் கார்டோட கவுண்டர்ல கேளுங்க. பணத்தைக் கட்டிட்டுப் பொறவு கேட்டா கெடைக்கிறது கஷ்டம். டிஸ்சார்ஜ் பில்லை வரிவரியா வாங்குங்க. எங்களுக்குப் போடாத ரெண்டு குளுக்கோஸ் பாட்டில் அதுல இருந்துச்சு.